ஆல்பாஃபோல்ட் சர்வர்: சைட்டோகைனும் ஏற்பியும் பிணையும் இடத்தை அறிய எவ்வளவு நம்பலாம்?

ஒரு சைட்டோகைன் (நோயெதிர்ப்புச் செல்களுக்கிடையே சேதி கொண்டு செல்லும் சிறு புரதம்) தன் ஏற்பியின் (செல்லின் மேல் அதைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) எந்தப் பக்கத்தில் போய் உட்காருகிறது என்று கேட்டால் ஆல்பாஃபோல்ட் சர்வர் நல்ல பதில் தரும். எவ்வளவு இறுக்கமாக உட்காருகிறது என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை. இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளாதவர்களுக்கு, நோயெதிர்ப்புச் சமிக்ஞைப் புரதங்களைப் படிக்க இவ்வளவு கைக்கெட்டிய கருவி வேறு எதுவும் கிடையாது என்றே சொல்லலாம்.

கூகுள் டீப்மைண்டும் ஐசோமார்ஃபிக் லேப்ஸும் 2024 மே மாதம் திறந்துவிட்ட சேவை இது. உள்ளே ஓடுவது ஆல்பாஃபோல்ட் 3, அமினோ அமில வரிசையை வைத்துப் புரதங்களின் முப்பரிமாண வடிவத்தைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவு. கூகுள் கணக்கு இருந்தால் போதும், கட்டணம் இல்லை, வணிக நோக்கத்துக்கு மட்டும் அனுமதி இல்லை. ஒரு நாளைக்கு இத்தனை வேலை என்ற வரம்பு உண்டு. ஒரு வேலைக்கு 5000 டோக்கன் வரை கொடுக்கலாம். அமினோ அமிலம் ஒன்றுக்கு ஒரு டோக்கன், சர்க்கரைத் தொடர் சேர்த்தால் அதன் அணு ஒவ்வொன்றுக்கும் ஒரு டோக்கன். சைட்டோகைன் வேலைகளுக்கு இது தாராளம்.

சோதித்துப் பார்க்க இன்டர்லூக்கின்-2 நல்ல உதாரணம். 133 அமினோ அமிலம் கொண்ட, நான்கு ஹெலிக்ஸ் (சுருள்) கட்டாக அமைந்த சிறிய புரதம். ஏற்பியோ மூன்று துண்டு: ஆல்பா, பீட்டா, காமா. இந்த நான்கும் சேர்ந்த படிக அமைப்பு 2005-லேயே 2.3 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) துல்லியத்தில் வெளியாகிவிட்டது. புரத அமைப்புகளின் பொதுத் தொகுப்பான பிடிபி தளத்தில் 2பி5ஐ என்ற எண்ணில் இருக்கிறது. சர்வர் தருவதை இதன்மேல் வைத்து ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

உள்ளீடு தயார் செய்வதில்தான் பாதி வெற்றி. புரத வரிசைகளின் தொகுப்பான யூனிப்ராட் தளத்திலிருந்து வரிசையை முழுசாக எடுத்து ஒட்டினால் முதல் தவறு அங்கேயே நடந்துவிடும். இன்டர்லூக்கின்-2-க்கு (அந்தத் தளத்தில் அதன் எண் பி60568) அங்கே 153 அமினோ அமிலம் இருக்கும். முதல் 20 சமிக்ஞை பெப்டைடு, செல்லை விட்டு வெளியே வருவதற்குள் வெட்டி எறியப்படுவது. அதை நீக்கிவிட்டு 21 முதல் 153 வரை மட்டும் கொடுக்க வேண்டும். ஆல்பாவில் (பி01589) 22 முதல் 186 வரை போதும், அதற்குப் பின் செல் சவ்வு வரை வருவது நெகிழ்வான காம்பு. பீட்டாவில் (பி14784) 27 முதல் 240 வரை, காமாவில் (பி31785) 23 முதல் 262 வரை. எல்லாம் சேர்த்து 752 டோக்கன்.

சவ்வுக்குள் போகும் பகுதியையும் செல்லுக்குள் தொங்கும் வாலையும் சேர்த்தே கொடுப்பவர்கள் உண்டு. வேண்டாம். சர்வருக்குச் சவ்வு என்றால் என்னவென்று தெரியாது. வால் பகுதி நிலையான வடிவம் இல்லாதது, ஆனாலும் ஏதோ ஒரு வடிவத்தில் வரைந்தாக வேண்டும் என்பதால் நீளமான ஆரஞ்சு நிற நாடாவாக வெளியே சுற்றிக்கொண்டு நிற்கும், சில நேரம் வெளிப்புறப் பகுதியின் மேலேயே மடிந்து விழும். ஒட்டுமொத்த மதிப்பெண்ணும் காரணமில்லாமல் இறங்கும்.

கூடவே இன்னொன்று. ஆய்வகக் குப்பியில் இருக்கும் புரதத்தின் வரிசையும் யூனிப்ராட் வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மருந்தாகப் பயன்படும் ஆல்டெஸ்லூக்கினில் முதல் அலனின் கிடையாது, 125-ஆம் இடத்துச் சிஸ்டைன் செரினாக மாற்றப்பட்டிருக்கும். தனித்து நிற்கும் அந்தச் சிஸ்டைன் தவறான ஜோடி சேர்ந்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த மாற்றம். சோதனையோடு ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் குப்பியில் உள்ள வரிசையையே கொடுங்கள்.

எத்தனை பிரதி என்பதையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். சர்வர் அதைக் கண்டுபிடிக்காது. இன்டர்லூக்கின்-2-க்கு ஒவ்வொன்றும் ஒரு பிரதி. வளர்ச்சி ஹார்மோன் என்றால் ஹார்மோன் ஒன்று, ஏற்பி இரண்டு. டிஎன்எஃப் (கட்டி நசிவுக் காரணி என்ற சைட்டோகைன்) என்றால் மூன்று டிஎன்எஃப், மூன்று ஏற்பி. இன்டர்லூக்கின்-6, அதன் ஆல்பா ஏற்பி, ஜிபி130 என்ற இன்னொரு ஏற்பி மூன்றுக்கும் இரண்டிரண்டு, ஆக ஆறு சங்கிலி (ஒரு புரதப் பிரதி ஒரு சங்கிலி). டிஎன்எஃப்-ஐ ஒற்றைப் பிரதியாகக் கொடுத்தால் பிழைச் செய்தி ஒன்றும் வராது, ஒரு படம் வரும். ஆனால் டிஎன்எஃப் ஏற்பி உட்காருவது இரண்டு டிஎன்எஃப் சங்கிலிகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில். ஒற்றைப் பிரதியில் அந்தப் பள்ளமே இல்லை.

சில நிமிடங்களில் ஐந்து மாதிரிகள் வரும். சங்கிலிகளுக்கு இடையிலான அமைப்பின் உறுதியை 0 முதல் 1 வரை மதிப்பிடும் ஐபிடிஎம் மதிப்பெண் 0.8-க்கு மேல் என்றால் சங்கிலிகள் ஒன்றுக்கொன்று வைக்கப்பட்ட விதத்தை நம்பலாம், 0.6-க்குக் கீழ் என்றால் பெரும்பாலும் தவறு, நடுவில் இருப்பது சந்தேகத்துக்குரியது. பக்கத்தில் காட்டும் அந்த ஒற்றை எண்ணோடு நின்றுவிடக் கூடாது. ஜிப் கோப்பை இறக்கி, உள்ளே இருக்கும் ஜேசன் கோப்பில் சங்கிலி ஜோடி வாரியான ஐபிடிஎம் பட்டியலைப் பாருங்கள். நான்கு சங்கிலியில் மூன்று சரியாக அமைந்து ஒன்று கண்டபடி ஒட்டியிருந்தாலும் ஒட்டுமொத்த எண் பார்க்க நன்றாகவே இருக்கும். இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. படிக அமைப்பில் ஆல்பா, இன்டர்லூக்கின்-2-ஐ மட்டுமே தொடுகிறது. பீட்டாவையோ காமாவையோ தொடுவதில்லை. இருந்தும் ஆல்பா–பீட்டா ஜோடிக்கு நல்ல மதிப்பெண் வரலாம். அந்த எண் சொல்வது ஒன்றுக்கொன்று எந்த இடத்தில் இருக்கிறது என்பதன் உறுதியை மட்டுமே. தொடுகிறதா என்பதைத் தூரத்தை அளந்துதான் சொல்ல முடியும்.

மாதிரியைக் கைமேராஎக்ஸ் அல்லது பைமால் என்ற மூலக்கூறு பார்க்கும் மென்பொருளில் திறந்து, ஆல்பா பக்கமாகத் திருப்பிப் பெரிதாக்கினால் முதலில் தேட வேண்டியது பெனைல்அலனின்42, அதாவது 42-ஆம் இடத்து அமினோ அமிலம். (யூனிப்ராட் எண்ணில் இது 62. சமிக்ஞை பெப்டைடின் 20-ஐக் கழிக்க மறந்து வேறொரு அமினோ அமிலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது இந்தத் துறையின் நிரந்தரத் தலைவலி. சமிக்ஞை பெப்டைடை நீக்கிக் கொடுத்திருந்தால் சர்வர் 1-லிருந்து எண்ணும், ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணோடு அது பொருந்திப்போகும்.) அதன் வளையம் ஆல்பாவின் மெத்தியோனின்25, லியூசின்42 இருக்கும் நீர் வெறுக்கும் குழிக்குள் செருகியிருக்க வேண்டும். குழியைச் சுற்றி லைசின்35, ஆர்ஜினின்38, குளூட்டமேட்62 என மின்னூட்டம் கொண்டவை வேலி போல நிற்கும். நடுவே எண்ணெய்த்தன்மை, ஓரத்தில் மின்னூட்டம்: புரதங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் விதத்துக்கு இதைவிடத் தெளிவான காட்சி கிடைப்பது அரிது. சர்வர் இந்த இடத்தை அழகாகவே வரைகிறது. பக்கத்தில் சிஸ்டைன்58, சிஸ்டைன்105 இரண்டின் கந்தக அணுக்களுக்கு இடையே 2 ஆங்ஸ்ட்ராம் அளவு தூரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். டைசல்பைடு (கந்தகப் பாலம்) உருவாகாத மாதிரியைத் தள்ளிவிடலாம்.

பீட்டா பக்கம் அஸ்பார்டேட்20-உம் அஸ்பராஜின்88-உம் முக்கியம். இங்கே சர்வரின் பெரிய குறை ஒன்று வெளிப்படும். உண்மையான அமைப்பில் இன்டர்லூக்கின்-2-க்கும் பீட்டாவுக்கும் இடையே நீர் மூலக்கூறுகள் பாலமாக நின்று ஹைட்ரஜன் பிணைப்புகளை இணைக்கின்றன. ஆல்பாஃபோல்ட் நீரை வரைவதில்லை. அதனால் 3.5 ஆங்ஸ்ட்ராமுக்குள் ஹைட்ரஜன் பிணைப்புகளை எண்ணும்போது பீட்டா பக்கம் இருப்பதைவிடப் பலவீனமாகத் தெரியும். ஈரமான பிணைப்புப் பரப்பு எதிலும் இந்த எச்சரிக்கை தேவை.

காமா தொடும் பரப்பு மூன்றிலும் சிறியது, குளூட்டமின்126-ஐ ஒட்டி இருக்கும். இன்டர்லூக்கின்-4, 7, 9, 15, 21 என ஐந்து சைட்டோகைன்களோடும் இதே காமா பொதுவாகப் பிணைய வேண்டியிருப்பதை நினைவில் வைத்துப் பார்த்தால் அந்தப் பரப்பின் எளிமை புரியும்.

எந்தச் சைட்டோகைனுக்கும் பொருந்தும் ஒரு சோதனை: மாதிரியைத் திருப்பி ஏற்பிகளின் வால் முனைகளைப் பாருங்கள். எல்லாம் ஒரே திசையை நோக்க வேண்டும், ஏனென்றால் எல்லாம் ஒரே சவ்வுக்குள் இறங்க வேண்டியவை. ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் பார்த்தால், ஐபிடிஎம் எவ்வளவு இருந்தாலும் அந்த மாதிரி ஒரு செல்லின் மேற்பரப்பில் நடக்க முடியாதது.

இப்போது முக்கியமான மனக்குறை. பெனைல்அலனின்42-ஐ அலனினாக மாற்றினால் ஆல்பாவோடு உள்ள பிடிப்பு கடுமையாகக் குறைந்துவிடும் என்பது சோதனையில் நன்கு நிறுவப்பட்டது. அதே மாற்றத்தைச் சர்வரில் கொடுத்து ஓட்டினால் பெரும்பாலும் முன்பு வந்த படமே, ஏறக்குறைய அதே மதிப்பெண்ணோடு வரும். குழி காலியாக இருக்கும், ஆனால் புரதம் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கும். ஒற்றை மாற்றங்களின் விளைவைக் கணிக்க இதைப் பயன்படுத்துவது தவறான பயன்பாடு. அதற்குப் பிணைப்பை நேரடியாக அளக்கும் மேற்பரப்பு பிளாஸ்மான் ஒத்ததிர்வு போன்ற ஆய்வக அளவீடுதான் வழி.

பிணைப்பு வலிமையின் கதையே படத்துக்கு வெளியே இருக்கிறது. ஆல்பா மட்டும் என்றால் கேடி மதிப்பு (இது குறையக் குறையப் பிடிப்பு இறுக்கம்) சுமார் 10 நானோமோலார். மிக வேகமாக ஒட்டும், இரண்டு விநாடிக்குள் பாதி கழன்றுவிடும். பீட்டாவும் காமாவும் சேர்ந்தால் சுமார் 1 நானோமோலார். மூன்றும் சேர்ந்தால் சுமார் 10 பிக்கோமோலார். ஆல்பா பிடித்துச் சவ்வின் மேல் வைத்துக்கொள்ள, மற்ற இரண்டும் அங்கேயே வந்து சேர்ந்துகொள்வதால் வரும் பலம் அது. ஒட்டும் வேகம், கழலும் வேகம், சவ்வின் மேல் நகரும் இயக்கம் எதுவும் ஒரு நிலைப்படத்தில் இருக்காது.

மேலே சொன்ன அழகான பொருத்தத்துக்கு ஒரு காரணம், 2பி5ஐ பயிற்சித் தரவிலேயே இருந்ததுதான். ஆல்பாஃபோல்ட் 3-இன் பயிற்சி 2021 செப்டம்பர் 30 வரை வெளியான அமைப்புகளைக் கொண்டது. எனவே உங்கள் சைட்டோகைன் குடும்பத்தில் சர்வர் எவ்வளவு தேறும் என்று எடைபோட, அந்தத் தேதிக்குப் பிறகு பிடிபியில் வந்த, பழைய அமைப்பு எதையும் ஒத்திராத ஒரு ஜோடியைத் தேர்ந்தெடுத்து ஓட்டிப் பாருங்கள். ஐந்து மாதிரியும் ஒரே இடத்தைக் காட்டுகின்றனவா, வித்து எண்ணை (ஓட்டத்தின் தற்செயல் தொடக்க எண்) மாற்றி மூன்று நான்கு முறை ஓட்டினாலும் அதுவே வருகிறதா என்பதே அங்கே பார்க்க வேண்டியது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் உட்கார்ந்தால் சர்வருக்கு அந்த ஜோடியைத் தெரியவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இன்டர்லூக்கின்-1 குடும்பத்தில் இந்தக் கவனம் இரட்டிப்பாகத் தேவை. இன்டர்லூக்கின்-1 பீட்டாவும் அதைத் தடுக்கும் இன்டர்லூக்கின்-1 ஏற்பி எதிரிப் புரதமும் முதல் ஏற்பியில் ஒட்டுகின்றன. ஆனால் துணை ஏற்பியை அழைத்து வருவது முன்னது மட்டுமே, பின்னது அழைப்பதில்லை, அதனால்தான் சமிக்ஞை நிற்கிறது. எதிரிப் புரதத்தோடு துணை ஏற்பியையும் சேர்த்துக் கொடுத்தால் சர்வர் அதை எங்கேயாவது வரைந்தே தீரும். ‘ஒட்டாது’ என்று சொல்லும் வசதி அதற்கு இல்லை. துணை ஏற்பி சம்பந்தப்பட்ட ஜோடி மதிப்பெண்ணைத் தனியே எடுத்து, இன்டர்லூக்கின்-1 பீட்டா வைத்த ஓட்டத்தின் மதிப்பெண்ணோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட பிறகே எதையும் எழுத வேண்டும்.