கிதார் கேபினெட்டுக்கு எந்தப் பலகை? பைனா, பிர்ச்சா, நம்ம ஊர் குர்ஜனா?

மரக்கடைக்குப் போகும் முன்னால் ஒன்றை முடிவு செய்துவிடுங்கள்: கேபினெட்டின், அதாவது கிதார் ஸ்பீக்கர் உட்காரும் பெட்டியின், முதுகுப் பக்கம் திறந்திருக்குமா, மூடியிருக்குமா? மரத்தின் பெயரில் ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். முதுகு திறந்த பெட்டியில் ஸ்பீக்கர் தள்ளும் காற்று பின்னால் போய்விடும். பலகைமேல் அழுத்தம் குறைவு, பலகை கொஞ்சம் அதிர்ந்தாலும் அது சத்தத்துக்கு ஒரு கதகதப்பைத் தரும். மூடிய பெட்டியில் அந்தக் காற்று ஆறு பக்கமும் மோதும். பலகை இளகினால் பேஸ் சத்தம் பலகையை ஆட்டுவதிலேயே செலவாகி, கீழ் ஸ்வரங்கள் குழறும். முன்னதற்கு லேசான பலகை, பின்னதற்கு விறைப்பான பலகை. 1950களில் ஃபெண்டர் கம்பெனி செய்த, ட்வீட் துணி போர்த்திய ஆம்ப்கள் திறந்த முதுகோடு முழுப் பைன் மரத்தில் வந்ததும், மார்ஷல் கம்பெனியின் மூடிய 4×12 பெட்டி (12 அங்குல ஸ்பீக்கர் நான்கு) பிர்ச் பிளைவுட்டில் பெயர் வாங்கியதும் இந்தக் கணக்கோடு பொருந்தித்தான் வருகின்றன.

சென்னையில் இதோடு இன்னும் இரண்டு சேர்கின்றன: ஐப்பசி, கார்த்திகை ஈரம் ஒன்று, கரையான் இன்னொன்று. எந்த மரம் நன்றாக ஒலிக்கும் என்பதைவிட, எந்த மரம் மூன்று மழைக்காலம் தாண்டி மூலை பிளக்காமல் நிற்கும் என்பதுதான் இங்கே பெரிய கேள்வி.

பைன்

கன மீட்டருக்கு 450 முதல் 500 கிலோ வரை எடை. 20 அங்குல அகலம், 18 உயரம், 11 ஆழத்தில் மூடிய 1×12 பெட்டி ஒன்றை 18 மி.மீ. பைனில் செய்தால் மரம் மட்டும் ஏழரை கிலோ வரும். அதே பெட்டி பிர்ச்சில் பதினொன்றை நெருங்கும், குர்ஜனிலும், மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையிலும் பன்னிரண்டை. தூக்குகிறவருக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

நம் ஊரில் பைன் இரண்டு வழியில் கிடைக்கும். ஒன்று, துண்டுகளை ஒட்டி 8×4 அடி பலகையாக விற்பது. இன்னொன்று, துறைமுகத்திலிருந்தும் தொழிற்பேட்டைகளிலிருந்தும் வரும் பேக்கிங் கட்டை. பேக்கிங் கட்டையில் கோதுமைக் கதிர் படம் போட்ட முத்திரையைத் தேடுங்கள். அதில் ‘எச்டி’ (HT) என்றிருந்தால் மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் இருந்திருக்கிறது என்று அர்த்தம். ‘எம்பி’ (MB) என்றிருந்தால் மீத்தைல் புரோமைடு புகை போட்டது. வீட்டுக்குள் வைக்கும் பொருளுக்கு வேண்டாம். எச்டி முத்திரையை நம்பி ஏமாறவும் கூடாது. அந்தச் சூடு உள்ளே இருந்த பூச்சியைக் கொல்லும், அவ்வளவுதான். மரம் காய்ந்துவிட்டது என்றோ, நாளைக்குக் கரையான் ஏறாது என்றோ அதற்குப் பொருள் இல்லை. வாங்கி வந்ததும் பலகைகளுக்கு நடுவில் சின்னக் குச்சி வைத்து அடுக்கி, நிழலில் மூன்று வாரமாவது விடுங்கள்.

பைனில் தவறு நடப்பது பெரும்பாலும் ரேகைத் திசையில். மரம் ரேகையின் நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது. குறுக்குவாக்கில் 11 அங்குலப் பலகை மழைக்கும் வெயிலுக்கும் நடுவே இரண்டு மில்லி வரை விரிந்து சுருங்கும். அதனால் மேல், கீழ், இரு பக்கம் என நான்கு பலகையிலும் ரேகை பெட்டியைச் சுற்றி ஓடவேண்டும், பெல்ட் கட்டினமாதிரி. அப்போது நான்கும் ஒன்றாக ஆழத்தில் மட்டும் விரியும். மீதிப் பலகையை வீணாக்க வேண்டாமே என்று ஒரு பக்கத்தை மட்டும் திருப்பி வெட்டினால், முதல் மழைக்காலத்திலேயே அந்த மூலையில் கோடு விழும். எந்தப் பசையும் அதைத் தாங்காது.

மூலைக்கு, பல்லோடு பல் கோத்து ஒட்டும் ஃபிங்கர் ஜாயின்ட் அல்லது டவ்டெயில். ஸ்க்ரூவை மட்டும் நம்பினால் பைனின் முனைரேகை, அதாவது குறுக்கே வெட்டிய முனை, விட்டுக்கொடுத்துவிடும். முடிச்சுகளில் பிசின் கசிந்து ரெக்சினில் மஞ்சள் கறை ஏறும், அந்த இடத்தில் அரக்கு பாலிஷ் இரண்டு கை அடியுங்கள். உட்பக்கம் கரையான் மருந்து இரண்டு கோட். அடியில் ரப்பர் கால் கட்டாயம், பைன் தரையைத் தொடவே கூடாது.

பிர்ச்

மூடிய 2×12க்குக் கிடைத்தால் பிர்ச் பிளைவுட்தான், இதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. எல்லா அடுக்கும் பிர்ச்சாகவே இருப்பதால் விறைப்பு சீராக இருக்கும், ஸ்க்ரூ ஓரத்திலும் பிடிக்கும், ஓரம் சீவும் ரூட்டர் மெஷினை ஓட்டினால் முனை சிதறாது. பிரச்சினை பெயரில்தான். மேல் தோல் மட்டும் பிர்ச், உள்ளே பாப்லர் என்று வருவதும் கடையில் ‘பிர்ச்’ என்றே விற்கும். ஓரத்தை எண்ணிப் பாருங்கள்: உண்மையான பால்டிக் பிர்ச் 18 மி.மீட்டரில் 13 அடுக்கு, 12 மி.மீட்டரில் 9 அடுக்கு, எல்லாம் ஒரே வெளிர் நிறம். பெரும்பாலும் 5×5 அடி ஷீட்டாக வரும் என்பதால், 8×4 கணக்கில் வரைந்த வெட்டுப் படம் பொருந்தாது.

குர்ஜன் பிளைவுட்

வால்டாக்ஸ் ரோட்டில் எந்தக் கடையில் கேட்டாலும் கிடைக்கும் செம்பழுப்புப் பலகை. கனமானது, கெட்டியானது. முத்திரையில் இந்தியத் தர எண் ஐஎஸ் 303 என்றால் சாதாரண வீட்டு உபயோகம். ஐஎஸ் 710 என்றால் மரைன், கொதிநீரில் 72 மணி நேரம் போட்டாலும் அடுக்கு பிரியாத பசை. கேபினெட்டுக்கு 303 போதும் என்பார்கள். தரைத்தள வீடு, ஈரச் சுவர் என்றால் 710 வாங்கிவிடுங்கள்.

ஆனால் முத்திரையைவிட ஓரம் முக்கியம். ஷீட்டை வெளிச்சத்துக்குக் கொண்டுவரச் சொல்லி நான்கு ஓரத்தையும் பாருங்கள். அடுக்குக்கு நடுவில் கறுப்புக் கோடாகவோ, தீக்குச்சி நுழையும் பொந்தாகவோ தெரிந்தால் உள்ளே இன்னும் இருக்கும். பிறகு ஷீட்டைச் சாய்த்து நிறுத்தி, விரல் முட்டியால் அரை அடிக்கு ஒரு தட்டு. ‘டக் டக்’ என்று வந்த சத்தம் ஓரிடத்தில் ‘தொப்’பென்று மாறினால் அங்கே பொந்து. மேசைக்கு இது பரவாயில்லை. ஸ்பீக்கருக்குப் பின்னால் இந்தப் பொந்து ஒரு குறிப்பிட்ட ஸ்வரத்துக்கு மட்டும் கிர்ரென்று அதிரும், பெட்டியை மூடியபிறகு எங்கிருந்து வருகிறதென்று கண்டுபிடிக்கவே முடியாது. ஸ்பீக்கர் போல்ட்டைப் பிடிக்கப் பலகைக்குள் அடிக்கும் பல் வைத்த நட்டான டீ-நட் அந்த இடத்தில் விழுந்தால் இறுக்க இறுக்க உள்ளே புதையும்.

எடையையும் நினைத்துக்கொள்ளுங்கள். 28×20×12 அங்குல 2×12 குர்ஜனில் செய்தால் மரமே 17 கிலோ. செலஸ்டியன் கம்பெனியின் வின்டேஜ் 30 ஸ்பீக்கர் ஒன்று 4.7 கிலோ, இரண்டு போட்டு கைப்பிடி, மூலைத் தகடு சேர்த்தால் 28 கிலோ. லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடிக்கு இதை ஏற்றுவதற்கு இரண்டு பேர் வேண்டும். அடிக்கடி மேடைக்குப் போகும் பெட்டி என்றால், யமுனாநகர்ப் பக்கம் செய்யும் பாப்லர் பிளைவுட் பக்கம் போகலாம். ஏழு கிலோ வரை குறையும். முனை சீக்கிரம் நசுங்கும், மூலைக்கு இரும்புத் தகடு போட்டாக வேண்டும். மூடிய பெட்டியில் பாஃபிளுக்கும் (ஸ்பீக்கரைப் பூட்டும் முன்பலகை) பின்பலகைக்கும் நடுவே 2×1 அங்குல ரீப்பர் ஒன்றை முட்டுக் கொடுத்தால் விறைப்புக் குறை பெரும்பாலும் சரியாகிவிடும்.

மற்றவை

எம்டிஎஃப் வீட்டு ஹைஃபை பெட்டிக்கு நல்ல பலகை. கிதார் கேபினெட் தூக்கி இறக்கி அடிபடும் பொருள். ஓரத்தில் போட்ட ஸ்க்ரூ பிடுங்கிக்கொள்ளும், ஈரம் ஏறிய மூலை உப்பினால் திரும்ப இறங்காது. பார்ட்டிக்கிள் போர்டு இன்னும் மோசம். மேலே தோல், உள்ளே கட்டை என்று வரும் பிளாக்போர்டில் (blockboard) அந்தக் கட்டைகளுக்கு நடுவே இடைவெளி இருப்பதால் அதிர்வுத் தொல்லை நிச்சயம்.

ரப்பர் மரப் பலகை விறைப்பாக, அழகாக இருக்கும், ஆனால் வண்டு துளைக்கும். மருந்தேற்றியதா என்று கேட்டு வாங்குங்கள். பழைய வீட்டுக் கதவுத் தேக்கு கரையானுக்கு அஞ்சாது. எண்ணெய்ப் பசை உள்ள மரம் என்பதால் ஒட்டுமுன் தின்னரால் துடைக்கவேண்டும். அதை ரெக்சின் போட்டு மூடுவதற்கு மனசு வராது, பாலிஷ் அடித்து வைப்பதானால் செய்யுங்கள். மிருதங்கத்துக்கும் வீணைக்கும் பலா ஆகிறதே, இதற்கு ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே கட்டையைக் குடைந்து எடுக்கிறோம். இங்கே வேண்டியது 18 மில்லியில் நேராக நிற்கும் அகலப் பலகை. சரியாகக் காய்ந்த பலாவில் அது கிடைப்பது அபூர்வம்.

பணம் குறைவென்றால் பாஃபிளில் போடுங்கள்

ஸ்பீக்கர் உட்காரும் முன்பலகைதான் சத்தத்தை அதிகம் மாற்றும். பெட்டி சாதாரணப் பலகையாக இருந்தாலும் பாஃபிளை மட்டும் நல்ல பிளைவுட்டில் செய்வது, முழுப் பெட்டியையும் சுமாராகச் செய்வதைவிட மேல். திறந்த 1×12க்கு 12 மி.மீ., மூடியதற்கு 18. ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் வரும் மலிவான காம்போ ஆம்பில் இருக்கும் பார்ட்டிக்கிள் போர்டு பாஃபிளைக் கழற்றி இப்படி மாற்றுவதுதான் குறைந்த செலவில் காதுக்குத் தெரியும் மாற்றம்.

பழைய பாஃபிளைப் புதுப் பலகைமேல் வைத்து வரையுங்கள். கிரில் துணி மடிந்து வர ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை மில்லி விட்டு வெட்டுங்கள். துளை, செலஸ்டியன் 12 அங்குலத்துக்கு 283 மி.மீ., போல்ட் வட்டம் 297. ரிச்சி தெருவில் வாங்கிய வேறு ஸ்பீக்கர் என்றால் முதலில் ஃபிரேமை அளந்துவிடுங்கள். மர ஸ்க்ரூ வேண்டாம், எம்5 டீ-நட் போடுங்கள். இணைப்புகளுக்கு மரைன் ஃபெவிகால்.

ரெக்சினுக்கு எஸ்ஆர் 998 மாதிரி ரப்பர் பசை. மழை பெய்யும் நாளில் அதைப் பூசாதீர்கள்: கரைப்பான் ஆவியாகும்போது குளிர்ந்த பசைமேல் ஈரம் படிந்து, ஒட்டினமாதிரி இருந்து ஒரு மாதத்தில் மூலை தூக்கும்.

மூடிய பெட்டியைப் பூட்டியதும், தடித்த ஈ கம்பியை (82 ஹெர்ட்ஸ்) அடித்தபடி ஓரங்களில் ஒரு ஊதுபத்தியை மெதுவாக நகர்த்துங்கள். புகை துடிக்கும் இடத்தில் கசிவு. அங்கே பின்பலகைக்கும் ரீப்பருக்கும் நடுவே மெல்லிய ஃபோம் பட்டை ஒட்டி, ஸ்க்ரூக்களை எதிரெதிர் மூலையாக இறுக்குங்கள். புதுப் பலகை முதல் சில வாரங்களில் படியும் என்பதால், ஒரு மாதம் கழித்து அதே ஸ்க்ரூக்களை இன்னொரு கால் சுற்று.