மகளுக்குத் தலை வாரிவிட்ட வருடங்கள்: எந்தச் சாமான் தேறியது, எது தேறவில்லை

காலையில் வாசலில் நிற்கும்போது எல்லாச் சடையும் அழகாகத்தான் இருக்கும். பள்ளி விட்டு வந்து அவிழ்க்கும்போதுதான் லட்சணம் தெரியும். பேண்டோடு எவ்வளவு முடி பிய்ந்து வருகிறது, கட்டியிருந்த இடத்தைத் தொட்டால் பிள்ளை முகத்தைச் சுளிக்கிறாளா, நெற்றியோரம் சிவந்திருக்கிறதா, பிடரியில் எத்தனை சிக்கு. மகள் மழலையர் வகுப்பில் சேர்ந்த காலத்திலிருந்து தலை வாரிவிடுவது என் பொறுப்பு. அவள் அம்மா எங்களுக்கு முன்பே வேலைக்குக் கிளம்பிவிடுவாள். இத்தனை வருடத்தில் வாங்கிச் சேர்த்த சீப்பு, பேண்ட், கிளிப் எல்லாவற்றுக்கும் இந்த மாலைநேரப் பரிட்சையை வைத்துத்தான் மதிப்பெண் போடுகிறேன்.

முதலில் அவள் முடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மெல்லிய இழை, லேசான அலை, முதுகின் பாதி வரை நீளம். பிடரியில் மட்டும் குட்டிக் குட்டிச் சுருள். அடர்ந்த சுருட்டை முடிக்கு நான் சொல்வதில் சில பொருந்தாது.

அதிகம் உழைத்தது வளையும் பற்கள் உள்ள பிளாஸ்டிக் பிரஷ்தான். பற்கள் நீளமும் குட்டையுமாகக் கலந்திருக்கும். நீளமானவை சிக்குக்குள் நுழையும், குட்டையானவை மேலே படிய வைக்கும். சிக்கு இறுக்கமாக இருந்தால் பல் வளைந்து கொடுத்துவிடுவதால் முடி அறுவது குறைவு. இதன் ஆயுள் முடிவதைக் கண்டுபிடிப்பது எளிது. ஓரத்து வரிசைப் பற்கள் வெளிப்பக்கமாகச் சாய ஆரம்பித்ததும் பிரஷ் சிக்கின் மேலே வழுக்கிக்கொண்டு போகும், வாரியது போலவே இருக்கும், உள்ளே சிக்கு அப்படியே கிடக்கும். அப்போது மாற்றிவிட வேண்டும். கம்பி நுனியில் சின்ன உருண்டை வைத்த மெத்தை பிரஷ் எங்களுக்குச் சரிப்படவில்லை. உருண்டை ஒவ்வொன்றாக உதிர்ந்து, மொட்டைக் கம்பி தலையைக் கீறும். வால் சீப்பு வகிடு எடுக்க மட்டும். அதன் நெருக்கமான பல்லால் சிக்கெடுக்கப் போனால் வீடு இரண்டாகும்.

எந்தச் சீப்பானாலும் பிடிக்கும் விதத்தில்தான் பாதி விஷயம் இருக்கிறது. கொத்தாக எடுத்து, சிக்குக்கு மேலே இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து ஆரம்பித்து மேலே மேலே வர வேண்டும். இழுப்பெல்லாம் என் விரலோடு நின்றுவிடும், மயிர்க்கால் வரை போகாது. இப்படி வாரும்போது இவள் கதைப் புத்தகம் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். உச்சியிலிருந்து ஒரே இழுப்பாக இழுத்தால் புத்தகம் பறக்கும்.

காலையில் தலைக்குக் குளிப்பாட்டுவதை விட்டுவிட்டோம். நேரம் ஒரு காரணம், முடி இன்னொரு காரணம். முடியில் உள்ள கெரட்டின் புரதத்தைப் பிடித்து வைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் தண்ணீர் பட்டதும் விட்டுவிடும். அதனால் ஈர முடி ரப்பர் போல நீளும், சீக்கிரம் அறும். ஈரத்தோடு இறுக்கிக் கட்டினால் அது காயும்போது கட்டு இன்னும் இறுகும், அடிமுடியும் மாலை வரை காயாமல் வாடை அடிக்கும். சுருட்டை முடிக்கு மட்டும் இது தலைகீழ். அதைக் காய்ந்த நிலையில் வாரினால்தான் உடையும். ஈரமாக, கண்டிஷனர் தடவி, அகலப் பல் சீப்பால் வாருவதே நல்லது.

காலையில் தேவைப்படுவது கொஞ்சம் ஈரம் மட்டும். அதற்கு ஸ்ப்ரே பாட்டில். சாதாரணப் பாட்டில் ஒரே தாரையாகக் கழுத்தில் பீய்ச்சும், சட்டைக் காலர் நனையும், அன்றைக்கு முழுக்கப் புகார். பனி மாதிரித் தூவும் பாட்டில் விலை கூடுதல் என்றாலும் தேறியது. தண்ணீரில் கொஞ்சம் கண்டிஷனர் கலந்தால் சீப்பு வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் அந்தக் கலவையை நாள்கணக்கில் வைக்கக் கூடாது, கெட்டுப்போகும். மிச்சத்தைக் கொட்டிவிட்டு வெறும் தண்ணீரை நாலு அமுக்கு அமுக்கினால் பாட்டிலின் மூக்கும் அடைக்காது.

அடுத்தது பேண்ட். அதிகம் வாங்கியதும் அதிகம் தூக்கிப் போட்டதும் இதுதான். இரண்டு முனையையும் உலோகத் துண்டால் இணைத்த பேண்ட் வேண்டவே வேண்டாம். கழற்றும்போது அந்த உலோகத்தில் ஒன்றிரண்டு முடியாவது மாட்டி அறுந்து வரும். இணைப்பே தெரியாமல் நெய்த துணி எலாஸ்டிக் நல்லது. குதிரைவாலுக்கு மூன்று சுற்றில் நிற்கிற தடிமனாகப் பார்த்து வாங்குகிறேன். நாலாவது சுற்றுக்கு இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தால் ஒன்று பேண்ட் சின்னது, இல்லையென்றால் நான் அவசரத்தில் இருக்கிறேன். எண்ணெய் தடவிய தலைக்கு ரப்பர் பொருட்கள் எதுவுமே நீடிக்காது. இயற்கை ரப்பர் எண்ணெயை உறிஞ்சி ஊதித் தளர்ந்துவிடும், அப்புறம் பிசுபிசுக்கும். இதைக் குறையாகச் சொல்லவில்லை, அதன் குணமே அதுதான்.

பின்னலின் நுனிக்குப் போடும் பொடி ரப்பர் பேண்டை மாலையில் உருவி எடுக்கவே கூடாது. தையல் பிரிக்கும் கருவியால் பேண்டை மட்டும் வெட்டிவிடுகிறேன். ஒருமுறைதான் பயன்படும், போனால் போகட்டும்.

சுருள் பேண்டுக்கு ஒரு கதை உண்டு. டென்மார்க்கைச் சேர்ந்த சோஃபி ட்ரெல்லெஸ் ட்வேட் பிரிட்டனில் மாணவியாக இருந்தபோது, 2011-இல், ஒரு விருந்துக்கு டெலிபோன் சுருள் வயரால் முடியைக் கட்டிக்கொண்டு போனார். தலை வலிக்கவில்லை என்று கவனித்ததிலிருந்து பிறந்த யோசனை அது. அடர்த்தியான முடிக்கு அருமை, தழும்பு போல மடிப்பு விழாது. எங்கள் வீட்டு மெல்லிய முடியில் மதியத்துக்குள் காது வரை இறங்கிவிடுகிறது. இழுபட்டுத் தொங்கிப் போன சுருளைச் சுடுநீரில் போட்டால் பெருமளவு பழைய அளவுக்குத் திரும்பும். இந்த ஒரு வேடிக்கைக்காகவே மகள் அதை விடாமல் வைத்திருக்கிறாள்.

எலாஸ்டிக்கைத் துணிக்குள் வைத்துச் சுருக்கித் தைத்த ஸ்க்ரஞ்சி இன்னும் பழசு. ரோமி ரெவ்சன் என்ற அமெரிக்கப் பாடகி தன் பைஜாமா இடுப்பு எலாஸ்டிக்கைப் பார்த்துச் செய்தது, காப்புரிமை 1987-இல் கிடைத்தது. சாட்டின் துணியில் வருவது முடிக்கு மென்மை, பள்ளிக்கு வழுக்கல். வெல்வெட்டும் பருத்தியும் பிடித்து நிற்கின்றன. ஓடியாடும் பிள்ளைக்கு உள்ளே ஒரு மெல்லிய துணிப் பேண்ட், அதன் மேல் ஸ்க்ரஞ்சி என்றால் மாலை வரை கவலை இல்லை.

சடையில் வந்து முடிந்த இடம் இரட்டைப் பின்னல். பாரம் இரண்டு பக்கமாகப் பிரியும், சாய்ந்து உட்கார்ந்தால் பின்னந்தலையில் எதுவும் இடிக்காது, சிக்கும் விழாது. உச்சிக் குதிரைவால் ஐந்தே நிமிடத்தில் ஆகிவிடும், ஆனால் மாலையில் சிக்கெடுக்க அதற்கு இரட்டிப்பு நேரம். அவசர நாளில் தாழ்வாக ஒரு குதிரைவால் போட்டு, வாலைப் பின்னிவிட்டால் போதும். உச்சியிலிருந்து முடியைச் சேர்த்துச் சேர்த்துப் பின்னும் பிரெஞ்சுப் பின்னல், விளையாட்டு வகுப்பு உள்ள நாளுக்கு மட்டும். நெற்றியில் விழும் குட்டி முடியைக்கூட அதுதான் அடக்கும்.

பின்னும்போது பிள்ளை தலையை எப்படி வைத்திருக்கிறாள் என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. நிமிர்ந்து மேலே பார்த்தபடி இருக்கும்போது கட்டினால், குனிந்து எழுதும்போதெல்லாம் பிடரி இழுக்கும். நேரே பார்க்கச் சொல்லித்தான் கட்ட வேண்டும். கட்டியதும் தாடையை மார்பில் தொடச் சொல்வேன், புருவத்தை உயர்த்தச் சொல்வேன். “அப்பா, கண்ணு மேல போகுது” என்றால் உடனே தளர்த்திவிடுவேன். இது செல்லம் கொடுப்பதல்ல. தினமும் ஒரே இடத்தில் இறுக்கி இழுத்துக் கட்டினால் நெற்றியோரமும் காதுக்கு மேலும் முடி மெலிந்துபோகும். ட்ராக்‌ஷன் அலோபீஷியா என்பார்கள் தோல் மருத்துவர்கள். வலி, சின்னச் சின்னக் கொப்புளம், ஓரத்தில் உடைந்த குட்டை முடி, இவைதான் ஆரம்ப அடையாளம். அப்போதே நிறுத்தினால் முடி திரும்ப வளரும். வருடக்கணக்கில் தொடர்ந்தால் மயிர்க்கால் தழும்பாகி, அந்த இடம் வெறுமையாகவே நின்றுவிடலாம். அதனால் வகிட்டையும் கட்டும் இடத்தையும் அடிக்கடி மாற்றுகிறேன்.

பல் வைத்த கடின ஹேர்பேண்ட் போட்ட நாட்களில் மகள் காதுக்குப் பின்னால் வலிக்கிறது என்று வருவாள். தலையை வெளியிலிருந்து அழுத்துவதால் வருகிற தலைவலி என்று மருத்துவத்தில் தனி வகையே உண்டு. ஹெல்மெட்டும் நீச்சல் கண்ணாடியும் அதே பட்டியலில் வரும். பேண்டை எடுத்ததும் வலி போய்விட்டதால், அந்தப் பேண்டும் போய்விட்டது. கிளிப்பில், அமுக்கினால் ‘டிக்’ என்று மாட்டிக்கொள்ளும் டிக்டாக் வகை போதும். துணி சுற்றியதாக இருந்தால் நல்லது, பெயின்ட் அடித்தது உரிந்துவிடும்.

எண்ணெய் விஷயத்தில் தேங்காய் எண்ணெய்க்கு என் ஓட்டு. தேங்காய், சூரியகாந்தி, மினரல் எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு 2003-இல் வெளியான ஆய்வில், முடியின் புரத இழப்பைத் தெளிவாகக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அதிலுள்ள லாரிக் அமிலம் சிறிய நேரான மூலக்கூறு, முடித்தண்டுக்குள் நுழைய முடிகிறது. தலைக்குக் குளிப்பதற்கு முன் கொஞ்சம் நுனியில் தடவுகிறோம். பள்ளி நாள் காலையில் வழிய வழியத் தேய்ப்பதில்லை, தூசியும் பேண்டும் இரண்டுமே அதற்கு எதிரி. சாட்டின் தலையணை உறை பற்றி நிறையச் சொல்வார்கள். வித்தியாசம் இருக்கிறது, ஆனால் சின்னதுதான். படுக்கும் முன் தளர்வாக ஒரு பின்னல் போட்டால் அதைவிட அதிகம் பலன்.

நெருக்கமான உலோகப் பல் வைத்த பேன் சீப்பு எப்போதும் வீட்டில் இருக்கட்டும். பேன் தாவாது, பறக்காது; தலையோடு தலை ஒட்டும்போதுதான் ஊர்ந்து ஏறும். பின்னிக் கட்டினால் அந்த வாய்ப்பு கொஞ்சம் குறையும், அவ்வளவே. ஈரத்தலையில் கண்டிஷனர் தடவி அடியிலிருந்து நுனி வரை இழுத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்ப்போம். ஈர் பொரிய ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும் என்பதால், ஒருமுறை சீவிவிட்டுத் தீர்ந்தது என்று விட முடியாது. மூன்று நாலு நாள் இடைவெளியில் இரண்டு வாரம் தொடர வேண்டும்.

இப்போதெல்லாம் பல நாட்களில் குதிரைவாலை அவளே கட்டிக்கொள்கிறாள். உச்சியில் மேடு பள்ளமாக இருக்கும், ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். நான் கை வைப்பதில்லை. எத்தனை சுற்று என்று மட்டும் கேட்பேன். நாலு என்றால் ஒன்றைக் கழற்றச் சொல்வேன்.