அம்மாயியின் ரேடியோவா, தம்பியின் ஃபோனா?

இலங்கை மலையகத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் காம்பிராவில் விடிகாலை ஆறு மணி இரண்டு தடவை வரும். முதலில் அம்மாயியின் ரேடியோவில் நேரம் சொல்வார்கள், அரை நிமிஷம் கழித்து தம்பியின் ஃபோனில் அதே அறிவிப்பாளர் அதே ஆறு மணியை மறுபடி சொல்வார். இணையத்தில் ஒலியைத் துண்டு துண்டாக அனுப்பிச் சேர்த்து வைத்துத்தான் ஓட்டுகிறார்கள், அதனால் அந்தத் தாமதம்.

பாட்டுக்கு என்றால் ஃபோன்தான், அதில் மறுபேச்சே இல்லை. வேண்டிய பாட்டை வேண்டிய நேரத்தில் போடலாம், தவறவிட்ட நிகழ்ச்சியைத் தேடி எடுக்கலாம், கொழும்பில் கடையில் நிற்கிற மாமாவும் குவைத்தில் இருக்கிற சித்தியும் நாம் கேட்கிற அதே நிலையத்தைக் கேட்கலாம். ஒரு காலத்தில் வானொலியின் மரண அறிவித்தலுக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், இப்போது துக்கச் செய்தி வாட்ஸ்அப்பில் முந்திக்கொண்டு வந்துவிடுகிறது.

செலவு? நொடிக்கு 64 கிலோபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் கேட்டால் கிட்டத்தட்ட 29 எம்பி டேட்டா போகும். தம்பிக்கு அது பெரிதில்லை. ஆனால் அம்மாயி அடுப்படியில் காலை முதல் ராத்திரி வரை ஓடவிடுபவர், அந்தக் கணக்கில் போட்டால் ரீலோட், அதாவது ஃபோனுக்குப் போடுகிற காசு, வாரம்கூடத் தாங்காது.

ரேடியோவுக்கும் இங்கே குறை உண்டு. எஃப்எம் அலை 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ளது, அது ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும், நடுவில் மலை நின்றால் முடிந்தது. மேல் லயத்தில் கணீரென்று கேட்கிற நிலையம் பள்ளத்து லயத்தில் இரைச்சலாகிவிடும். அம்மாயி ஏரியலில் ஒரு செப்புக் கம்பியைச் சுற்றி ஜன்னல் வழியாகக் கூரைத் தகரம் வரை இழுத்து வைத்திருக்கிறார். மழை நாளில் கம்பி நழுவினால் பேரன்மார்தான் ஏற வேண்டும்.

ஆனால் 2022 மார்ச் கடைசியில் நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் வெட்டினார்களே, அப்போது தம்பியின் ஃபோனில் சார்ஜ் இருந்தும் பிரயோசனமில்லை, டவரிலேயே பெட்டரி இறங்கி சிக்னல் போய்விட்டது. எரிபொருள் வருமா, நாளைக்கு எத்தனை மணிக்கு வெட்டு, எல்லாம் அம்மாயியின் ரேடியோதான் சொன்னது. பக்கத்துக் காம்பிரா ஆட்களும் வாசலில் வந்து நின்று கேட்டார்கள். மண்சரிவு எச்சரிக்கை வருகிற மழைக்காலத்திலும் நான் அதைத்தான் நம்புவேன்.

போன வாரம் ஹட்டன் டவுனுக்குப் போய் தம்பிக்கு ரீலோட் போட்டுவிட்டு வந்தேன். வாசலிலேயே அம்மாயி கேட்டார்: "பெட்டரி ரெண்டு சொன்னேனே, எங்கடா?"