ஒரு செமஸ்டருக்குள் எது முடியும்: ஃபிளாஷ்ராமா, கோர்பூட்டா, ஸெஃபிரா?

ஓப்பன் சோர்ஸ் ஃபர்ம்வேரில் புராஜெக்ட் என்றதும் பலருக்கும் முதலில் தோன்றுவது கோர்பூட், கணினியைத் துவக்கும் பயாஸுக்கு மாற்று. 1999-ல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் லினக்ஸ்பயாஸ் என்று தொடங்கியது. இன்றும் மவுசு குறையவில்லை. ஆனால் கையில் நான்கு மாதமும் ஒரே ஒரு லேப்டாப்பும் இருந்தால் ஃபிளாஷ்ராமைத்தான் எடுக்கச் சொல்வோம். பேட்ச், அதாவது நீங்கள் அனுப்பும் கோட் மாற்றம், சிறியது. சரியா தவறா என்று உங்கள் மேசையிலேயே நிரூபித்துவிடலாம்.

பயாஸ் சிப்பைப் படித்து, அழித்து, எழுதும் கருவிதான் ஃபிளாஷ்ராம். அதன் பட்டியலில் இல்லாத ஒரு எஸ்பிஐ சிப்பை (சீரியல் இணைப்பில் பேசும் ஃபிளாஷ் நினைவகம்) சேர்ப்பது முதல் வேலை. டேட்டாஷீட்டைப் பார்த்து ஐடி, அளவு, வோல்டேஜ், அழிப்பு பிளாக்குகள் (ஒரே முறையில் அழியும் பகுதிகள்) ஆகியவற்றை நிரப்ப வேண்டும். மாதிரிக்கு, ஏற்கெனவே பட்டியலில் உள்ள வின்பாண்ட் டபிள்யூ25க்யூ128-ன் பதிவைப் பாருங்கள்: 4 கேபி பிளாக் 4096, 32 கேபி 512, 64 கேபி 256. எந்த வரிசையைப் பெருக்கினாலும் 16,384 கேபி வர வேண்டும். வராவிட்டால் ஃபிளாஷ்ராம் தன் சுயசோதனையிலேயே நின்றுவிடும். இதைவிட அதிகம் சறுக்கும் இடம் ஐடி. பல தலைமுறைச் சிப்புகள் ஒரே ஐடியைப் பகிர்வதுண்டு. அதைக் கவனிக்காமல் புதுப் பதிவு சேர்த்தால், எந்தச் சிப் என்று தீர்மானிக்க முடியாமல் கருவி உங்களையே தேர்வு செய்யச் சொல்லும்.

புரோகிராமர் (சிப்பைக் கணினியோடு இணைத்து எழுதும் சாதனம்) வாங்கும்போது கவனம். மலிவான கறுப்பு சிஎச்341ஏ போர்டுகள் பலவற்றில் சிப்புக்கு 3.3 வோல்ட் போனாலும் டேட்டா பின்களில் 5 வோல்ட் நிற்கும். சிப்பை மாட்டும் முன் மல்டிமீட்டரில் அளந்துவிடுங்கள். ராஸ்பெர்ரி பை பிகோ போர்டில், அதைப் புரோகிராமராக மாற்றும் செர்ப்ராக் ஃபர்ம்வேரை ஏற்றிக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. 1.8 வோல்ட் சிப்புக்கு, சிக்னலின் வோல்டேஜை மாற்றும் லெவல் ஷிஃப்டர் கட்டாயம்.

ஒரு சிப் மட்டும் செமஸ்டருக்குப் போதாது. அதே சிப் குடும்பத்துக்கு எழுதுவதைத் தடுக்கும் பிட்களைச் சேர்த்து, எந்தப் பிட்டுக்கு எந்த முகவரி வரம்பு பூட்டப்படுகிறது என்று டேட்டாஷீட் அட்டவணையோடு ஒப்பிட்டுச் சோதித்தால் கனமான புராஜெக்ட் ஆகிவிடும்.

கோர்பூட் போர்ட்டிங்கில், அதாவது புதிய போர்டில் கோர்பூட்டை ஓடவைப்பதில், விலை வேறு மாதிரி. போர்டு செத்துப்போனாலும் கலங்காத மனசும், அதை மீட்க இரண்டாவது கணினியும் வேண்டும். இன்டெலின் சாண்டி பிரிட்ஜ் அல்லது ஐவி பிரிட்ஜ் காலத்து டெஸ்க்டாப் போர்டாகப் பாருங்கள். இவற்றுக்கு ரேம் துவக்கும் கோட் கோர்பூட்டிலேயே இருக்கிறது. புதிய இன்டெல் போர்டுகளில் மூடிய எஃப்எஸ்பி (இன்டெல் பைனரியாகவே தரும் துவக்கக் கோட்) தேவைப்படும். பயாஸ் சிப் சாக்கெட்டில் இருந்தால் கழற்றி எழுதிவிடலாம். கழற்றாமல் கிளிப் மாட்டினால் மின்சாரம் சிப்செட்டுக்கும் கசிந்து, ஐடி தவறாக வரலாம். லேப்டாப்பைத் தவிர்க்கச் சொல்வது எம்பெடெட் கன்ட்ரோலருக்காக: பேட்டரியும் விசைப்பலகையும் அதன் கையில்.

போர்டின் விவரங்களைச் சேகரித்து போர்ட்டின் முதல் வரைவைத் தரும் ஆட்டோபோர்ட் கருவியை ஒரிஜினல் பயாஸ் இருக்கும்போதே ஓட்டி விவரம் எடுங்கள். கெர்னல் நினைவகத்தைப் படிக்க விடாவிட்டால் 'ஐஓமெம்=ரிலாக்ஸ்ட்' கொடுத்து மறுபடி பூட் செய்யுங்கள். பழைய பயாஸை இரண்டு முறை படித்து, ஹாஷ் (கோப்பின் கைரேகை போன்ற எண்) ஒன்றாக வந்த பிறகே எதையும் அழிக்க வேண்டும். போர்டே இல்லாதவர்கள் க்யூஇஎம்யூ என்ற எமுலேட்டருக்கு பில்ட் செய்து பழகலாம், ஆனால் அதையே புராஜெக்ட் என்று காட்ட முடியாது.

ஸெஃபிர் என்பது சிறிய சாதனங்களுக்கான ஓப்பன் சோர்ஸ் இயங்குதளம்; மைக்ரோகன்ட்ரோலர் பக்கம் சாய்பவர்களுக்கு. சென்சார் டிரைவர் ஒன்று எழுதலாம்: சி கோப்பு, கேகான்ஃபிக் (பில்ட் தேர்வுகள்), டிவைஸ்ட்ரீ பைண்டிங் (வன்பொருளை விவரிக்கும் கோப்பு), கூடவே எல்லா டிரைவர்களையும் ஒன்றாகத் தொகுத்துப் பார்க்கும் சோதனையில் ஒரு பதிவு. கடைசியைப் பலர் மறக்கிறார்கள். சென்சாரின் ஐடி ரெஜிஸ்டரை முதல் நாளே படித்துவிடுங்கள். பிஎம்இ280 என்று கேட்டு வாங்கியது பிஎம்பி280 ஆக இருந்தால் ஹெக்ஸில் 60-க்குப் பதில் 58 வரும், ஈரப்பத அளவே கிடைக்காது.

மூன்றிலும் கமிட்டின் அடியில், இந்தக் கோடைத் தர உங்களுக்கு உரிமை உண்டு என்று உறுதி சொல்லும் சைன்ட்-ஆஃப் வரி வேண்டும். கோர்பூட்டில் 'மேக் கிட்கான்ஃபிக்' ஓட்டாமல் அனுப்பினால் சேஞ்ச்-ஐடி (மாற்றத்தின் அடையாள எண்) இல்லாமல் ரிவ்யூ தளமான கெரிட் திருப்பிவிடும். ரிவ்யூ உங்கள் தேர்வுத் தேதிக்காகக் காத்திருக்காது, அதனால் முதல் பேட்ச் இரண்டாம் மாத முடிவுக்குள் போய்விட வேண்டும்.