ஆதார் பிவிசி அட்டை: கோத்தகிரியிலிருந்து என் கருத்து

இந்த பிளாஸ்டிக் அட்டை அருமை. ஸ்பீட் போஸ்ட்டில் வீட்டுக்கே வந்துவிட்டது, பர்ஸில் அடங்குகிறது, எங்கள் ஊர் ஈரத்தில் காகித ஆதார் மடிப்பிலேயே கிழிந்துவிடும், இதற்கு அந்தக் கவலையே இல்லை. கியூஆர் கோடில் டிஜிட்டல் கையொப்பம் இருப்பதால், அதற்கான ஆப்பில் ஸ்கேன் செய்தால் பெயரும் படமும் வந்துவிடும், போலியா இல்லையா என்று வேலைக்கு எடுப்பவருக்கு அங்கேயே தெரிந்துவிடும்.

குறை என்னவென்றால் 12 இலக்கமும் முழுசாக அச்சாகியிருக்கிறது. அம்மா வேலை செய்யும் தேயிலை ஃபேக்டரியில் எல்லாருடைய ஆதார் ஜெராக்ஸையும் மூடாத அட்டைப்பெட்டியில் போட்டு வாசல் பக்கமே வைத்திருக்கிறார்கள், பார்த்ததும் வயிறு எரிந்தது. ஜெராக்ஸ் கேட்டால் மாஸ்க்டு ஆதாரைக் கொடுங்கள். ஆதார் தளத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், கடைசி 4 எண் மட்டும்தான் தெரியும்.

அப்புறம் கைரேகை. காலமெல்லாம் கொழுந்து பறித்த கையில் ரேகை தேய்ந்து, கறையும் ஏறி, மெஷின் எடுக்கவே மாட்டேன் என்கிறது. அதற்காக யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. கருவிழி, முகம் இரண்டிலும் சரிபார்க்க வழி இருக்கிறது, கேளுங்கள். தேவையில்லாத நேரத்தில் பயோமெட்ரிக்கை, அதாவது கைரேகை, கருவிழி, முகப் பதிவுகளை, பூட்டி வைக்கும் வசதியும் உண்டு, அம்மாவுடையதை உடனே பூட்டிவிட்டேன்.