பின் ஸ்பிரிங் மாற்றக் கொடுத்தேன், பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள்

பழைய ஸ்கார்பியோ, சஃபாரி மாதிரி பின்பக்கம் காயில் ஸ்பிரிங் உள்ள வண்டி வைத்திருப்பவர்கள், ஸ்பிரிங் மாற்ற ஒர்க்‌ஷாப்புக்குப் போகும் முன் இதைப் படித்துவிட்டுப் போங்கள். புது ஸ்பிரிங் என்று சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு, பழைய ஸ்பிரிங்கையே சூடுகாட்டி இழுத்து, கறுப்பு பெயின்ட் அடித்து மாட்டி அனுப்புகிறார்கள். எனக்கு நடந்தது. பணம் போனதைக்கூட விடுங்கள். அந்த ஸ்பிரிங்கோடு அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் (சென்னையிலிருந்து திண்டிவனம் பக்கம் போகும் நெடுஞ்சாலை) போய் வந்திருக்கிறோம். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

எங்களுடையது 2010 மாடல் ஸ்கார்பியோ, எம்ஹாக் டீசல். 15 வருடம் முடிகிற நேரம். ஆர்.சி.யை இன்னும் ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்க எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியாக இருக்கிறதா என்ற சோதனை) காட்ட வேண்டும். இன்ஜினில் ஒரு குறையும் இல்லை. பின்பக்கம் மட்டும் உட்கார்ந்துவிட்டது. உள்ளே யாரும் இல்லாமல் நிற்கும்போதே மூட்டை ஏற்றிய வண்டி மாதிரி தெரியும். பின் சீட்டில் ஆள் ஏறிவிட்டால் முன்பக்கம் தூக்கிக்கொண்டு, லோ பீமில் போனாலும் எதிரே வருகிறவர் கண்ணில் வெளிச்சம் அடிக்கும். அவர்களும் பதிலுக்கு லைட் அடித்துக் காட்டிக்கொண்டே போவார்கள். வேகத்தடையில் மெதுவாக இறக்கினாலும் அடியில் இடி தாங்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் போய் இடித்து ‘டொம்’ என்று சத்தம் வரும்.

இந்த இடத்தில் பலர் ஷாக் அப்சார்பரைத்தான் மாற்றுவார்கள். வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக்கின் வேலை ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது. வண்டி குதித்துக்கொண்டே இருந்தால் ஷாக்கைப் பார்க்கலாம், உயரமே குறைந்துவிட்டால் ஸ்பிரிங்கைத்தான் பார்க்க வேண்டும். அதில் ஒர்க்‌ஷாப்காரர் சரியாகவே சொன்னார். “ஸ்பிரிங் செட் ஆகிடுச்சு சார், அமுங்கிப் போச்சு, ரெண்டு பக்கமும் மாத்திடணும். கம்பெனி ஸ்பிரிங்கே போட்டுத் தர்றேன்” என்றார். ஸ்பிரிங், அது உட்காரும் இடத்தில் வைக்கும் சீட் ரப்பர், கூலி எல்லாம் சேர்த்து பதினான்காயிரத்து ஐந்நூறு. தாம்பரம் தாண்டி மெயின் ரோட்டிலேயே இருக்கும் கடை, உள்ளே நாலைந்து வண்டி நிற்கும், தெரிந்தவர் ஒருவர் சொல்லிப் போன இடம்.

வண்டி எடுக்கப் போனபோது பின்பக்கம் நன்றாகத் தூக்கி நின்றது. குனிந்து பார்த்தால் ஸ்பிரிங் இரண்டும் கறுப்பாகப் பளபளவென்று இருந்தன. பழைய ஸ்பிரிங்கை வண்டியில் போட்டுவிடச் சொன்னேன். “அது அப்பவே காயலான் கடைக்குப் போயிடுச்சு சார்” என்றார். பில் கேட்டேன். “பில் போட்டா 28 பர்சன்ட் ஏறும், உங்களுக்குத்தான் நஷ்டம்” என்று சொல்லி ஒரு எஸ்டிமேட் தாளில் கையால் எழுதிக் கொடுத்தார். அந்தக் கணக்கும் பொய். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம்தான், நான் போனது அதற்கும் பிறகு. எஃப்.சி.யும் சிக்கலில்லாமல் முடிந்தது. இந்த வியாபாரம் ஓடுவதே அதனால்தான் என்று நினைக்கிறேன். காட்ட வேண்டிய நாளில் வண்டி நிமிர்ந்து நின்றுவிடுகிறது, அதற்குப் பிறகு இறங்கினால் ‘வண்டி பழசு’ என்று சொல்லிவிடலாம்.

சில வாரங்களிலேயே இறங்க ஆரம்பித்தது. அதுவும் இடது பக்கம் மட்டும். பின்னால் நின்று பார்த்தால் பம்பர் சாய்ந்திருப்பது கண்ணுக்கே தெரிந்தது. திண்டிவனத்துக்குப் போய்க்கொண்டிருந்தபோது பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் இரும்போடு இரும்பு உரசுகிற சத்தம் கேட்டது. மதுராந்தகத்தில் ஒரு பெரியவரின் பட்டறையில் நிறுத்தினேன். ஜீப், டிராக்ஸ் என்று இந்த மாதிரி வண்டிகளிலேயே ஊறியவர்.

முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கி போட்டுத் தூக்கி, சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்டு வைத்த பிறகுதான் கையை உள்ளே விட்டார். டார்ச் அடித்துப் பார்த்தார். ஸ்க்ரூ டிரைவர் நுனியால் இடது ஸ்பிரிங்கின் கீழ்ச் சுற்றைச் சுரண்டினார். கறுப்பு பெயின்ட் செதில் செதிலாக வந்தது. அதற்குள்ளே பழுப்பாக, ரப்பர் மாதிரி ஒன்று. நாலைந்து வருடம் முன்பு துருப் பிடிக்காமல் இருக்க வண்டிக்கு அடியில் நாங்கள் அடித்த கோட்டிங்! “தம்பி, இது உங்க வண்டியோட பழைய ஸ்பிரிங்குதான்” என்றார். நடுச் சுற்றுகளைச் சுரண்டினால் கோட்டிங் இல்லை, சொரசொரவென்று நீலமும் கறுப்புமாகக் கருகின பொருக்கு. கேஸ் டார்ச்சால் நடுவில் மட்டும் சூடேற்றி இழுத்திருக்கிறார்கள், ஓரத்துச் சுற்றுகளுக்குச் சூடு போகாததால் கோட்டிங் அப்படியே தங்கிவிட்டது. விரலை விட்டுப் பார்த்தபோது சுற்றுக்குச் சுற்று இடைவெளி வேறு வேறாக இருந்தது.

வலது பக்கம் இதைவிட மோசம். அது எங்கள் வண்டி ஸ்பிரிங்கே இல்லை. ஏதோ வேறு வண்டியுடையது, நீளம் அதிகம் என்று கடைசிச் சுற்றை கட்டிங் வீலால் அறுத்திருக்கிறார்கள். அறுத்த முனை கீழே சீட்டில் அதன் இடத்தில் உட்காராமல் பக்கவாட்டில் முட்டிக்கொண்டிருந்தது. உரசல் சத்தம் அங்கிருந்துதான் வந்திருக்கிறது. வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்த்தால் இரண்டு பக்கத்துக் கம்பிக்கும் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம். காசு வாங்கிய சீட் ரப்பரையும் மாற்றவில்லை. பழைய ரப்பர் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

ஒரு மில்லிமீட்டர்தானே என்று யாரும் விட்டுவிட வேண்டாம். ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்குக் கணக்கில் (விட்டம் × விட்டம் × விட்டம் × விட்டம்) மாறும். மற்றதெல்லாம் ஒன்றாக இருந்து, 14 மி.மீ. கம்பிக்குப் பதில் 13 மி.மீ. போட்டால் விறைப்பில் கால் பங்கு போய்விடும். சுற்றை அறுத்தாலோ நேர்மாறாக, உயரம் குறைந்து ஸ்பிரிங் விறைத்துக்கொள்ளும். ஒரு பக்கம் தளர்வு, ஒரு பக்கம் விறைப்பு என்று ஓடும் வண்டியில் வேகத்தில் திடீரென்று ஸ்டீயரிங்கை ஒடித்தால் எந்தப் பக்கம் எவ்வளவு சாயும் என்று ஓட்டுகிறவரால் கணிக்கவே முடியாது. உயரமான வண்டியில் இது விளையாட்டில்லை.

சூடுகாட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்பிரிங் இரும்பைச் செக்கச்செவேலென்று காய்ச்சி, எண்ணெயில் சட்டென்று குளிர்வித்து, பிறகு அளவான சூட்டில் பதப்படுத்தித்தான் அந்தத் துள்ளலைக் கொண்டுவருகிறார்கள். அதோடு சின்னச் சின்ன இரும்புக் குண்டுகளை மேற்பரப்பில் வேகமாக அடித்து, விரிசல் எளிதில் விடாதபடி செய்கிறார்கள். டார்ச்சால் சூடேற்றிக் காற்றில் ஆற விட்டால் அந்தப் பதம் போய்விடுகிறது. இழுத்த உயரம் கொஞ்ச நாள் நிற்கும், எடை ஏற ஏற மறுபடி படுத்துவிடும். போதாததற்கு, பெயின்டுக்கு அடியில் இருக்கும் துருக் குழிகளிலிருந்துதான் விரிசல் தொடங்கும். ஓடும்போது ஒடிந்தால் என்ன ஆகும் என்று எழுதவே மனசு வரவில்லை. லாரியின் பட்டை ஸ்பிரிங் பிளேட்டைப் பட்டறையில் காய்ச்சி அடித்து வளைவு ஏற்றித் தருவார்களே, அது போலத்தான் இதுவும் என்று அந்தக் கடைக்காரர் பிறகு வாதாடினார். பதம் தெரிந்தவர்கள் மறுபடி முறையாகப் பதப்படுத்திச் செய்யும் தொழில் அது. டார்ச்சால் காய்ச்சி பெயின்ட் அடிப்பதை அதோடு சேர்த்துப் பேசுவது அந்தத் தொழிலாளிகளுக்கே அவமானம். பழசுதான் வேண்டுமென்றால் பழைய உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்கு நானே போய், பழசு என்று தெரிந்து, பழசு விலைக்கு வாங்கியிருப்பேனே.

சரி, எப்படிச் செய்ய வேண்டிய வேலை இது? பெரியவர் செய்ததைப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். சேசிஸ் நம்பரைக் கொடுத்து கம்பெனி டீலரிடம் ஸ்பிரிங், மேல் கீழ் சீட் ரப்பர் எல்லாம் நானே பில்லோடு வாங்கி வந்தேன். ஒரே பெயரில் ஓடும் வண்டியிலேயே மாடலுக்கு மாடல் ஸ்பிரிங் மாறும், அதனால் சேசிஸ் நம்பர் முக்கியம். பின் ஹவுசிங்குக்கு (இரண்டு பின் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கும் ஆக்ஸில் கூடு) அடியில் ஜாக்கியைத் தாங்கலாக வைத்து, ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றி, பிரேக் ஹோஸ் இழுபடாமல் பார்த்துக்கொண்டு ஹவுசிங்கை மெல்ல இறக்கினார். ஸ்பிரிங் தானாகவே தளர்ந்து வந்துவிட்டது. இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் மாற்ற வேண்டும். மாட்டும்போது ஸ்பிரிங்கின் முனை சீட்டில் இருக்கும் படியில் போய் நிற்கிறதா என்று கையால் தடவிப் பார்த்தார்.

இன்னொன்றையும் அவர்தான் காட்டினார். புஷ் (இணைப்புகளில் இருக்கும் ரப்பர் வளையம்) போகிற போல்ட்டுகளை வண்டி தொங்கிக்கொண்டிருக்கும்போது கடைசி இறுக்கம் கொடுக்கவே கூடாது. வண்டியைத் தரையில் இறக்கி, எடை முழுக்கச் சக்கரத்தில் வந்த பிறகு இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் புஷ் முறுக்கின நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். முந்தைய கடையில் தொங்கவிட்டே இறுக்கியிருக்க வேண்டும், ஒரு புஷ் ஏற்கெனவே வெடித்திருந்தது. அதையும் மாற்ற வேண்டியதாயிற்று. கடைசியாக ஹெட்லைட் உயரத்தையும் சரிசெய்தார். பின்பக்க உயரம் மாறினால் அது கட்டாயம் மாறும்.

நீங்கள் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. வண்டி விடும் முன் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகும் அளந்து, ஒரு மாதம் கழித்தும் அதே டயர் காற்று, கிட்டத்தட்ட அதே டீசலோடு அளந்து பாருங்கள். வேலை தொடங்கும் முன்பே பழைய ஸ்பிரிங் எனக்கு வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். அதில் ஒரு சுற்றில் உங்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி அடையாளம் போட்டுவைத்தால் இன்னும் நல்லது. புது ஸ்பிரிங் டப்பாவோடு வர வேண்டும், பிரிக்கும்போது நீங்கள் இருக்க வேண்டும். சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் பஃபர் வைத்துத் தூக்கித் தருகிறேன் என்றாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அது அந்தச் சுற்றுகளை வேலை செய்யவிடாமல் பிடித்து, மற்றச் சுற்றுகள் தலையில் பாரத்தை ஏற்றும்.

அந்தக் கடைக்கு ஸ்பிரிங்குகளோடு திரும்பப் போனேன். முதலில் “ஓவர்லோடு ஏத்தியிருப்பீங்க சார்” என்றார். சுரண்டிய இடத்தைக் காட்டியதும், பையன் மாற்றி மாட்டிவிட்டான் என்றார். அப்புறம் ஐயாயிரம் தருகிறேன், விஷயத்தை இதோடு விடுங்கள் என்றார். வாங்கவில்லை. அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமில்லை, அவனுக்கு இந்த வேலையைச் சொல்லிக் கொடுத்து வளர்ப்பவர்கள் மேல்தான் கோபம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. கடைக்குப் பதிவுத் தபாலில் நோட்டீசும் அனுப்பினேன். அதற்குப் பிறகு ஸ்பிரிங்குக்கு வாங்கிய பணம் வந்தது. கூலியும், வெடித்த புஷ்ஷின் செலவும் இன்னும் வரவில்லை.

அதற்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுத்தால் போதும். இதே மாதிரி ஏமாந்தவர்கள் கழற்றிய ஸ்பிரிங்கைத் தூக்கிப் போடாதீர்கள். எஸ்டிமேட் தாள், ஜி-பே ரசீது, சுரண்டிய இடத்தின் படம், வெர்னியர் அளவு தெரிகிற படம் எல்லாவற்றையும் தேதியோடு எடுத்து வையுங்கள். மாற்றிக் கொடுத்த மெக்கானிக்கிடம் என்ன பார்த்தார் என்று நாலு வரி எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.