ஜிம்னிக்கு லிஃப்ட் ஸ்பிரிங் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

கோயம்புத்தூரில் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளுக்கான உதிரிபாகங்களை விற்று, தாங்களே பொருத்தியும் தருகிற ஒரு கடையில், என் ஐந்து கதவு மாருதி சுஸுகி ஜிம்னி வண்டியை 40 மி.மீ. உயர்த்தும் ஸ்பிரிங் செட் என்று சொல்லி, எந்த வண்டிக்கு உரியவை என்றே தெரியாத ஸ்பிரிங்குகளுக்குப் புதுப் பெயிண்ட் அடித்து 38,000 ரூபாய்க்குத் தலையில் கட்டிவிட்டார்கள். புகார் நுகர்வோர் ஆணையத்தின் முன் இருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் அவர்கள் கையாண்ட முறை எந்த ஊரிலும் நடக்கக் கூடியது. மலைப்பாதையில் உயிரோடு விளையாடுகிற விஷயமும்கூட. அதனால் நடந்ததை விவரமாகவே எழுதுகிறேன்.

வண்டியில் இரும்பு பம்பர் இல்லை, வின்ச் (சிக்கிய வண்டியைக் கம்பிவடத்தால் இழுக்கும் கருவி) இல்லை, பெரும்பாலும் இரண்டு பேர்தான் போவோம், தாண்டிக்குடி பக்கம் உறவினரின் காப்பித் தோட்டத்துக்குள் மழைத்தண்ணீர் அறுத்துப் போட்ட பாதையில் ஏறி இறங்க வேண்டும் என்று எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே கொடுத்திருந்தேன். “ஸ்டாண்டர்டு லோடு (கூடுதல் சுமை ஏற்றாத வண்டிக்கானது), 40 மி.மீ., ஐந்து கதவு மாடலுக்கானது, ஆஸ்திரேலிய இறக்குமதி, பழைய ஷாக் அப்சார்பரே போதும்” என்று எழுத்தாகவே பதிலும் வந்தது. இன்று என் கையில் உள்ள முதல் ஆதாரம் அந்தப் பதில்தான்.

ஐந்து கதவு என்று அழுத்திச் சொன்னதற்குக் காரணம் உண்டு. வெளிநாடுகளில் முதலில் விற்பனைக்கு வந்தது மூன்று கதவு ஜிம்னி. அதன் வீல்பேஸ் (முன், பின் சக்கர மையங்களுக்கு இடையிலான தூரம்) 2,250 மி.மீ. இந்தியாவில் 2023 ஜூனில் வந்த ஐந்து கதவு மாடலின் வீல்பேஸ் 2,590 மி.மீ.; எடையும் கூடுதல். மூன்று கதவு வண்டிக்குக் கணக்குப் போட்டுச் செய்த ஸ்பிரிங் இதன் பின்பக்கத்தில் அதே உயரத்தைத் தரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

பொருத்துவதற்கு முன்பே, சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து குறித்து வைத்திருந்தேன். பொருத்திய பிறகு அளந்தபோது முன்பக்கம் 40-க்குப் பதில் 70 மி.மீ. உயர்ந்திருந்தது. கேட்டதற்கு, “ஏனுங்க சார், புது ஸ்பிரிங்னா அப்படித்தானுங்க இருக்கும், ஓட ஓட செட்டில் ஆயிரும்” என்றார் கடைக்காரர். புது ஸ்பிரிங் சிறிது அமர்வது உண்மைதான். ஆனால் ஒழுங்காகத் தயாரிக்கப்பட்ட ஸ்பிரிங்கைத் தொழிற்சாலையிலேயே ஒருமுறை முழுதாக அழுத்தி அமர வைத்துத்தான் வெளியே விடுவார்கள். அதன் பிறகு சில மில்லிமீட்டர் இறங்கலாமே தவிர, 30 மி.மீ. ஒருநாளும் இறங்காது. அப்படி இறங்கினால் அது எஃகின் கோளாறு.

பழனி நெடுஞ்சாலையில் ஓட்டியபோது ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பவில்லை. கையை எடுத்தால் வண்டி ஏதாவது ஒரு பக்கம் மேயப் போனது. ஜிம்னியின் முன் ஆக்சில் இரண்டு நீண்ட கைகளால் சேசிஸோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. வண்டி உயர உயர அந்தக் கைகள் கீழ்நோக்கிச் சாய்ந்து ஆக்சிலைச் சற்றே சுழற்றிவிடுவதால், ஸ்டீயரிங்கை நேருக்குக் கொண்டுவருகிற காஸ்டர் கோணம் குறைந்துபோகிறது. சிறிய லிஃப்டில் இது அவ்வளவாகத் தெரியாது, 70 மி.மீ. என்றால் அந்தக் கோணத்தைத் திருத்துவதற்கென்று உள்ள புஷ் (கைகளின் மூட்டில் இருக்கும் ரப்பர் உறை) போட்டுச் சரிசெய்யாமல் நெடுஞ்சாலையில் ஓட்டுவது ஆபத்து. போதாததற்கு, பழைய ஷாக் அந்த உயரத்தில் ஏறக்குறைய முழு நீளத்துக்கும் இழுபட்டே நின்றதால், ஒவ்வொரு பள்ளத்திலும் சக்கரம் கீழே இறங்க இடமில்லாமல் டங்கென்று இடித்தது.

தோட்டத்துப் பாதையில் நிலைமை இன்னும் மோசம். ஸ்பிரிங் அழுந்தி மடங்கிக் கொடுத்து, ஒரு சக்கரம் மேலேறும்போது எதிர்ச் சக்கரம் பள்ளத்தில் இறங்கித் தரையைப் பிடிப்பதுதான் ஜிம்னியின் பலம். கடினமான ஸ்பிரிங் மடங்கவே மறுத்தது. முன்பு சாதாரணமாக ஏறிய இடத்தில் ஒரு சக்கரம் அந்தரத்தில் சுழன்றது. வண்டியில் டிஃப் லாக் (இரு பக்கச் சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுழல வைக்கும் பூட்டு) கிடையாது. சுழலும் சக்கரத்துக்கு பிரேக் கொடுத்து மற்றதற்கு விசையை மாற்றும் வசதிதான் உண்டு. அது வேலை செய்வதற்குள் வண்டி பின்னுக்குச் சறுக்கியது.

இதற்குப் பிறகுதான், அந்தக் கடைக்குப் போகாமல், எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் ஸ்பிரிங்கைக் கழற்றச் சொன்னேன். வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்த்தபோது, பழைய ஸ்பிரிங்கைவிடக் கம்பியின் தடிமன் ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் அதிகமாக இருந்தது. ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். சுருள் ஸ்பிரிங்கின் விறைப்பு, கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடுவது. சுருளின் அகலமும் எண்ணிக்கையும் மாறாமல் கம்பி மட்டும் 12 மி.மீ.-இலிருந்து 13 ஆனால், விறைப்பு ஏறத்தாழ 38 சதவீதம் உயர்ந்துவிடும். உதாரணத்துக்கு, மில்லிமீட்டருக்கு 2 கிலோ விறைப்புள்ள ஸ்பிரிங் மீது 250 கிலோ உட்கார்ந்தால் அது 125 மி.மீ. அழுந்தும். விறைப்பு 2.75 கிலோ ஆனால் 91 மி.மீ. மட்டுமே அழுந்தும். ஸ்பிரிங்கின் நீளம் இம்மியும் கூடாமலே வண்டி 34 மி.மீ. உயர்ந்து நிற்கிறது. இந்த உயரத்தைக் காட்டித்தான் “நல்ல லிஃப்ட்” என்று விற்கிறார்கள். உண்மையில் அது, வின்ச்சும் இரும்பு பம்பரும் சுமக்க வேண்டிய ஸ்பிரிங், சுமை கிடைக்காமல் விறைத்து நிற்பது.

தடிமனைவிட என்னைக் கலங்க வைத்தது வேறொன்று. கடைசிச் சுருளில் நீலப் பெயிண்டை மெக்கானிக் பிளேடால் சுரண்டினார். அடியில் ஒரு கறுப்புப் பெயிண்ட். அதற்கும் அடியில், கட்டை விரல் அகலத்துக்குக் கிரைண்டர் வைத்துத் தேய்த்த தடம், குறுக்குக் கோடுகளோடு பளபளவென்று தெரிந்தது. தயாரிப்பாளரின் எண்ணையோ முத்திரையையோ அழித்திருக்கிறார்கள். ஏமாற்று வேலை என்பதோடு இது நின்றுவிடவில்லை. சிறு சிறு எஃகுக் குண்டுகளால் அடித்து ஸ்பிரிங்கின் மேற்பரப்பைத் தயாரிப்பாளர் வலுப்படுத்துவதே விரிசல் விழாமல் இருக்கத்தான். அந்தத் தோலைக் கிரைண்டரால் உரித்துவிட்டால் ஒவ்வொரு கோடும் விரிசல் தொடங்குகிற வாயாகிறது. லட்சக்கணக்கான முறை அழுந்தி விரிகிற பொருள் ஒருநாள் அந்த இடத்தில் முறியும். கொண்டை ஊசி வளைவில் முன் ஸ்பிரிங் முறிந்தால் என்ன ஆகும் என்பதை மலையில் ஓட்டுகிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அட்டைப்பெட்டியில் ஒட்டியிருந்த எண்ணைப் படமெடுத்து, இதைத் தயாரித்ததாகச் சொல்லப்பட்ட ஆஸ்திரேலிய நிறுவனத்துக்கு அனுப்பினேன். அந்த எண் வேறொரு வண்டியின் பின்பக்க ஸ்பிரிங்குக்கு உரியது என்றும், அந்த ஒட்டுச்சீட்டு தங்களுடையதே அல்ல என்றும் பதில் வந்தது. இதைக் காட்டிய பிறகும் கடைக்காரர் பணம் தர மறுத்தார். “கட்டிய பொருளைத் திருப்பி எடுப்பதில்லை” என்று பில்லின் அடியில் அச்சிட்டிருப்பதைக் காட்டினார். போலிப் பொருளை விற்றவருக்கு அந்த வரி எந்தப் பாதுகாப்பும் தராது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் பதிந்தேன். கடை பதிலே தராததால் மாவட்ட ஆணையத்தில் மனு செய்திருக்கிறேன். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் செய்ய வேண்டும். ஸ்பிரிங்குகளையும் பெட்டியையும் அப்படியே வைத்திருக்கிறேன்.

வாங்கப் போகிறவர்கள் எத்தனை அங்குல லிஃப்ட் என்று மட்டும் கேட்டால், கடைக்காரருக்கு வாயில் வந்ததைச் சொல்ல வழி கிடைத்துவிடும். எத்தனை கிலோ நிரந்தரச் சுமைக்குக் கணக்கிட்டது, விறைப்பு எவ்வளவு, மூன்று கதவா ஐந்து கதவா, முன்னும் பின்னும் தனித்தனி எண் என்ன என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கி, அந்த எண்ணைத் தயாரிப்பாளரின் பட்டியலில் நீங்களே சரிபாருங்கள். எண் தர மறுக்கிற இடத்தில் முன்பணமும் கொடுக்க வேண்டாம். ஆர்.டி.ஓ. தொல்லை எதுவும் வராது என்ற உறுதிமொழியையும் நம்ப வேண்டாம். வண்டியின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இருக்கும்போது அதைத் தர எந்தக் கடைக்கும் அதிகாரம் இல்லை.

அண்மையில் கோவையில் நீலப் பெயிண்ட் அடித்த ஜிம்னி ஸ்பிரிங் போட்டவர்கள், அடுத்த முறை மலையேறுவதற்கு முன் முன்சக்கரத்தைக் கழற்றி, கீழ்ச் சுருளின் முனையிலிருந்து ஒரு சாண் தூரம் வரை பெயிண்டைச் சுரண்டிப் பாருங்கள். கிரைண்டர் தடம் தெரிந்தால் வண்டியை ஓட்டாதீர்கள். படமெடுத்து வைத்துக்கொண்டு, உடனே பழைய ஸ்பிரிங்கையே மாட்டிவிடுங்கள்.